பதினோரு கைநாட்டுகள்

ஓர் ஆவணத்தை நான் மறைத்தேன். கேட்டவரிடம், கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். நான் வரலாறு கற்பிப்பவன். அதையும் சேர்த்தே நீங்கள் என்னை எடைபோட வேண்டும்.

இராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் வேலை. சொந்த ஊர் வத்திராயிருப்புப் பக்கம். எங்கள் ஊர்க் கண்மாயும் வாய்க்கால்களும்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. பெரிய வாய்க்காலை என் முப்பாட்டனார் சொந்தச் செலவில் வெட்டினார் என்று எங்கள் குடும்பத்தில் சொல்வார்கள். அதை நம்பி ஓர் இயலே எழுதியிருந்தேன். அப்பா அந்த இயலை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்பார்.

ஆய்வேட்டை ஒப்படைக்கச் சில வாரங்களே இருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூரில் மறைந்த வக்கீல் ஒருவரின் வீட்டை இடிக்கிறார்கள், பழைய வழக்குக் கட்டுகள் எடைக்குப் போகின்றன என்று கேள்விப்பட்டு ஓடினேன். தூசியில் உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்தேன். மூன்றாம் நாள் அது கிடைத்தது.

முத்திரைத்தாளில் எழுதிய உடன்படிக்கை. வாய்க்காலைக் கூலி வாங்காமல் வெட்டியவர்கள், அதன் கடைசியில் வயல் வைத்திருந்த கடைமடைக்காரர்கள். அதற்கு ஈடாக, வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் அவர்கள் வயலுக்கே உரியது. கீழே பதினோரு கைநாட்டுகள். எதிரே என் முப்பாட்டனாரின் கையெழுத்து.

ஓர் ஆய்வாளன் அப்போது துள்ளிக் குதித்திருக்க வேண்டும்... நான் வாசலைப் பார்த்தேன். யாருமில்லை. தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

பட்டம் வாங்கியபின் வெளியிடலாம் என்று நினைத்தேனா? அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். பட்டமும் வந்தது. நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த கோடையில் எங்கள் பங்காளிகள் கடைமடைக்குத் தண்ணீர் போகும் மடையை அடைத்தார்கள். கடைமடைக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வழக்குப் போட்டார்கள். அவர்களில் ஒருவரான மாரியம்மாள் என்னைத் தேடிக் கல்லூரிக்கே வந்தார்.

“சார், அந்தக் காலத்துல தண்ணிக்கு ஏதோ எழுதிக் குடுத்தாவன்னு எங்க மாமனார் சொல்லுவாவ. பழைய காயிதம் அம்புட்டையும் தேடிப் படிச்சவிய நீங்கதான். ஒங்க கண்ணுல எதுவும் பட்டுச்சா?”

“தேடினேம்மா. அப்படி எதுவும் கிடைக்கல.”

என் குரல் நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது.

“நீங்களே தேடி இல்லன்னா, இல்லதான் சார். மாமனார் சும்மா சொல்லியிருக்காவ போல.”

செத்துப்போன மனிதரைப் பொய்யராக்கி அனுப்பிவைத்தேன். என் எதிரில் இருந்த மேசை மேலேயே என் ஆய்வேடு கிடந்தது.

எழுத்து ஆதாரம் இல்லையென்று வழக்குத் தோற்றது. இரண்டு போகம் நெல் விளைந்த வயல் தரிசாயிற்று. மாரியம்மாள் இப்போது தினமும் வேன் ஏறி நூல் மில்லுக்குப் போகிறார்.

போன ஆண்டு அப்பா காலமானார். அவர் மனம் நோகக் கூடாதென்றுதான் மறைத்தேன் என்ற சாக்கும் அவரோடு போய்விட்டது. அதன்பிறகாவது கொடுத்தேனா? இல்லை. தாள் என் பீரோவில் இருக்கிறது. கொடுத்தால் பட்டம் போகும், வேலை போகும்... இவ்வளவுதான் நான்.

சென்ற மாதம் வத்திராயிருப்பு பேருந்து நிலையத்தில் மாரியம்மாள் என்னைக் கண்டுவிட்டார். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்த கணவரும் உடனிருந்தார்.

“ஏங்க, இவியதான் அந்தச் சார். நமக்காக எம்புட்டுத் தேடினாவ தெரியுமா?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஒரு துண்டுக் காயிதம் கெடச்சாலும் அப்பீலுக்குப் போவலாம்னு வக்கீல் சொல்லுதாரு. இனி எங்கன போயித் தேட?”

அவர் கணவர் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார்.

நானும் கும்பிட்டேன். பேருந்து வந்தது. ஏறி, அவர்கள் முகம் தெரியாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.