புளி போட்டுத் தேய்த்த ரயில்கள்

மாமாவின் கைவிளக்கு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ரயில் கார்டுகள் பிடிக்கும் மூன்று நிறக் கண்ணாடி விளக்கு. அதன் பித்தளை கறுத்து, ஓரங்களில் பச்சை பூத்திருக்கும். யாராவது அதைத் துணியால் தொட்டாலே மாமாவின் முகம் மாறிவிடும். மட்டக்களப்புப் பாதையில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற அவர், இப்படிப்பட்ட விளக்குகளையும், அவுஸ்திரேலியாவுக்குப் போன பறங்கிக் குடும்பங்கள் விட்டுச்சென்ற, சாவி கொடுத்தால் ஓடும், எழுத்தும் பூவேலையும் தீட்டிய தகர ரயில்களையும் சேர்த்து வைத்திருந்தார். "அந்தக் கறுப்புத்தான் அதுட விலை. தேய்ச்சா வெறும் தகரம்" என்பார்.

மாமியால் இதை ஏற்க முடியவில்லை. சாம்பலும் புளியும் போட்டுக் குத்துவிளக்கை வெள்ளிக்கிழமைக்கு மின்னவைக்கும் கை அவருடையது. "உங்கட மற்றப் பொஞ்சாதி குளிக்கவே மாட்டாவோ?" என்று விளக்கைக் காட்டிக் கேட்பார். மாமா சிரித்துவிட்டு, அலமாரியைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொள்வார்.

அவர்களுடைய வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில், நாவலடியில் இருந்தது. சுனாமி அவர்களின் மகளைக் கொண்டுபோனது. அலமாரி மட்டும் வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் சிக்கிக் கிடந்தது. மாமா ரயில்களைக் கிணற்றுத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தார். "புள்ளயக் கொண்டுபோன தண்ணி தகரத்த விட்டுட்டுப் போயிருக்கு" என்று மாமி சொன்னார். அதன் பிறகு அவற்றைப் பற்றி அவர் பகிடி விட்டதே இல்லை.

மிஞ்சியது ஒரு மகன். வேலைக்கென்று கிளிநொச்சிக்குப் போயிருந்தவன். சண்டை நெருங்க நெருங்க அவனிடமிருந்து செய்தி குறைந்து, பிறகு நின்றே போனது. யுத்தம் முடிந்து, வவுனியா முகாம்களில் சனம் அடைபட்டிருப்பதாகக் கேள்விப்பட்டதும், எல்லாவற்றையும் விற்று அவனைத் தேடிப் போவதென்று மாமா தீர்மானித்தார். பழைய பொருள் வாங்குபவர் ஒருவர் கொழும்பிலிருந்து வரச் சம்மதித்தார். அவரைக் கூட்டிவர மாமா ஸ்டேஷனுக்குப் போனபோது, முதல் தடவையாக அலமாரிச் சாவி மாமியின் கையில் இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முற்றத்துப் பாயில் விளக்குகள் தங்கம் போல மின்னின. தகர ரயில்களில் எழுத்தும் இல்லை, பூவேலையும் இல்லை. வெள்ளைத் தகரம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. மாமியின் விரல்கள் புளியில் வெளிறிச் சுருங்கியிருந்தன. "வாற மனுசன் பாத்த உடனே எடுக்கோணும். மறுகா இவர் பொடியனக் கூட்டிவரப் போகலாம்" என்றார்.

வந்தவர் மரியாதையான மனிதர். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார், தேநீர் குடித்தார், ஒன்றையும் வாங்காமல் போனார்.

மாமா பாயின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மாமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இன்னும் கொஞ்சம் தேய்ச்சிருக்கோணுமோ?"

"இல்லகா. நீ நல்லாத்தான் தேய்ச்சிருக்காய். அவருக்கு வேற சாமான் தேவையாம்."

மாமா பஸ்ஸில் போய் ஒரு முகாமை மட்டும் பார்த்துத் திரும்பினார். மற்ற முகாம்களுக்குப் போகக் கையில் ஒன்றுமில்லை. மகன் இன்றுவரை வரவில்லை. மாமி கடைசிவரை அந்தக் கொழும்பு மனிதரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். மாமியை மாமா திருத்தவில்லை.

என் மகன் இப்போது கட்டாரில் வேலை செய்கிறான். அவன் போனை எடுக்காத நாட்களில் நான் குசினிக்குள் போய் எதையாவது தேய்க்கத் தொடங்கிவிடுகிறேன். பாத்திரம் எப்போதோ வெளுத்திருக்கும். கை நிற்பதில்லை.