வளைவு சாய்ந்த பக்கம்

நாகமணிக்குச் சின்ன வயதிலிருந்தே உலகம் சுவரில் ஒட்டிய படம் மாதிரிதான். இடது கண் பேருக்கு இருந்தது. பார்ப்பதெல்லாம் வலது கண். ஊசியில் நூல் கோக்கத் தடுமாறுவாள், மற்றபடி யாருக்கும் தெரியாது. பெனடிக்ட் சாரிடம் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தபோதும் அவள் சொல்லவில்லை.

அது 1992. நோய்க்கிருமியை அடையாளம் காணும் டி செல்லின் மேல் ஒரு புரதம் நிற்கிறது, ஏற்பி என்பார்கள். அதன் முழு உருவத்தை அதுவரை யாரும் கண்டதில்லை. அதற்கு உறவான எதிர்ப்பொருளின் உருவம் தெரியும். அதை வைத்து, இது இப்படித்தான் மடிந்திருக்கும் என்று ஊகிப்பது நாகமணியின் வேலை. புரதத்தின் உடம்பெல்லாம் ஒத்துப்போனது. நுனியில் ஒரு வளைவு மட்டும் பிடிகொடுக்கவில்லை. வெளியே சாய்ந்தும் நிற்கலாம், உடம்போடு ஒட்டியும் படுக்கலாம். கணக்கு இரண்டுக்கும் சரி என்றது. கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு ஒரு முறை இருந்தது. புரதத்தின் உருவத்தைச் சற்றே திருப்பி இரண்டு படங்களாக அருகருகே அச்சடிப்பார்கள். இரண்டு கண்களையும் தளர்த்திப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகி, தாளிலிருந்து புடைத்து எழும்.

"இந்தப் புதுக் கண்ணாடியில எனக்குச் சரியா வரமாட்டேங்குது," என்றார் பெனடிக்ட். "வெளிய சாஞ்சு நிக்கிறதுதானே பொருத்தமா இருக்கு?"

"ஆமா சார். நல்லாத் தெரியுது."

"அப்ப வியாழக்கிழமை பெங்களூர்க் கருத்தரங்குக்கு அதையே கொண்டு போறேன்."

அவள் கண்டதோ தட்டையான இரண்டு நூல்சிக்கல்கள்.

ஞாயிற்றுக்கிழமை, டி. கல்லுப்பட்டியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். திருமங்கலம் தாண்டியதும் வெயிலில் கண் சொக்கியது. சாலையோரப் புளியமரங்கள் ஓடின. அவற்றுக்குப் பின்னால் பருத்திக்காடு மெல்ல நடந்தது. அடிவானத்து மலை அசையவே இல்லை. எது பக்கம், எது தூரம் என்று ஒற்றைக் கண்ணுக்கே தெரிந்துகொண்டிருந்தது. நகர்ந்தால் போதும்.

மறுநாள் புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு படம் அச்சடித்தாள். தாள்களைச் சீட்டுக்கட்டளவு வெட்டி அடுக்கி, ஓரத்தைக் கட்டைவிரலால் விசிறினாள்.

ஏற்பி அசைந்தது. முன்னால் இருந்த இழைகள் விரைந்தன. பின்னால் இருந்தவை சோம்பின. நடுவே, கிணற்று நீருக்குள் தெரிவது போல ஒரு பள்ளம் திறந்தது. மூச்சை விட்டால் மூடிக்கொள்ளுமோ என்றிருந்தது அவளுக்கு. வெளியே சாய்ந்த வளைவு, தண்ணீருக்கு ஆகாத ஓர் அமினோ அமிலத்தை வெட்டவெளியில் நீட்டிக்கொண்டிருந்தது. அது ஒதுங்க வேண்டிய இடமோ பக்கத்திலேயே காலியாகக் கிடந்தது. வளைவு ஒட்டிப் படுத்தால் அங்கே போய்க் கச்சிதமாக அமரும்.

நேரே பெனடிக்டின் அறைக்குப் போனாள்.

"சார், வளைவு உள்ளதான் படுக்கணும். அன்னைக்குத் தெரியுதுன்னு சொன்னது பொய். எனக்கு ஒரு கண்ணுலதான் பார்வை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை நாளா எல்லாப் படத்தையும் தெரியுது தெரியுதுன்ன?"

"ஆமா சார்."

"நல்லா இருக்கும்மா. நம்ம ரெண்டு பேரும் சேந்து ஊரையே ஏமாத்தப் பாத்தோம்." கையை நீட்டினார். "குடு அதை."

ஒருமுறை விசிறினார். இன்னொரு முறை. 

"பெங்களூருக்கு நீயும் வா," என்றார் கடைசியில், தலை நிமிராமல். "அங்க யாராவது கேட்டா நீதான் சொல்லணும்."

"வாரேன் சார்."

தாள்களை அவர் திருப்பித் தரவில்லை, விசிறிக்கொண்டே இருந்தார். மேசைக்கு எதிரே நின்றபடி, தலைகீழாகவே, அந்தப் பள்ளம் திறந்து மூடுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.