மாமா உடைத்த தூண்

சுத்தியலை ஓங்கியபோது, என் மகள் ஏற்கெனவே விடுபட்டு என் தோளில் கிடந்தாள் என்பது மாமாவுக்குத் தெரியுமா? எங்கள் மாடி முகப்பில் ஒரு தூண் இருந்த இடத்தில் இப்போது வளைந்த கம்பி மட்டும் நிற்கிறது. அதன் குறுக்கே என் பழைய நூல் சேலை கட்டியிருக்கிறது. துணி உலர்த்த மாடிக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கேள்வி எனக்கு முன்பாக அங்கே போய் நிற்கிறது.

மாமா என்பது என் கணவரின் அப்பா. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வாலிப வயதில் திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்தவர். கரமனையில் வீடு கட்டியபோது, மாடி முகப்புக்குக் கம்பி கிரில் போதும் என்று மேஸ்திரி சொன்னாராம். மாமா கேட்கவில்லை. இரண்டு பாதியாகத் திறக்கும் ஓர் அச்சைக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லையில் உட்கார்ந்து குட்டித் தூண்களைத் தானே வார்த்தார். நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் சிமெண்டும் மணலும் பொடி ஜல்லியும். அச்சைப் பிரிக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார் என்று அத்தை சொல்வார்கள். கீழே குடம் போன்ற வயிறு, மேலே ஒடுங்கிய கழுத்து. வெள்ளை பூசி வரிசையாக நிறுத்தியதும் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "அண்ணாச்சி, கொள்ளாம் கேட்டோ" என்று யாராவது மெச்சினால், "எல்லாம் நம்ம கைவேலையாக்கும்" என்பார். அவர்கள் போன பிறகும் சற்று நேரம் அங்கேயே நிற்பார்.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கும் அவை பிடித்திருந்தன. மகள் நடக்கத் தொடங்கியதும் தூண்கள் என் கண்ணிலிருந்து மறைந்துபோயின. இடைவெளிகள் மட்டுமே தெரிந்தன. பல நாள் யோசித்து, அத்தை வழியாகச் சொல்லிப் பார்த்தேன். மாமா கோபப்படவில்லை. உரித்த தேங்காய் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னை மாடிக்குக் கூப்பிட்டார். தரையோடு உருட்டிவிட்டார். இரண்டு வயிறுகளுக்கு நடுவே அது முட்டி நின்றது. "தேங்காயே போவல்ல. பின்ன பிள்ளைக்க தலை எப்பிடி மக்ளே போவும்?" என்று சிரித்தார். அடுத்தடுத்த இடைவெளிகளிலும் உருட்டிக் காட்டினார். எங்கும் போகவில்லை. நானும் தலையாட்டினேன். தேங்காய் தரையில்தான் உருளும், குழந்தை எழுந்து நிற்கும் என்பது எங்கள் இருவருக்குமே அப்போது தோன்றவில்லை.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஒரு சேலையைத் தூண்களின் உட்புறமாக நீளக் கட்டிவைத்தேன். "வீட்டுக்க முகத்துல கோவணங் கெட்டுனாப்புல இருக்கு" என்று மாமா அத்தையிடம் சொன்னது, எனக்குக் கேட்கட்டும் என்று சொன்னதுதான். விருந்தாளி வரும் நாளில் அவரே அதை அவிழ்த்துவிடுவார். எறியமாட்டார். அழகாக மடித்து என் அறை வாசலில் வைப்பார். அவர்கள் போனதும் நான் திரும்பக் கட்டுவேன். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தையும் பேசிக்கொண்டதில்லை.

அன்றும் கடைக்காரச் சிநேகிதர் ஒருவர் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. சேலை மடித்து என் வாசலில் இருந்தது. மத்தியானம், மாமா கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மாடியில் கொடித் துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்த கை எப்போது விட்டது என்று தெரியவில்லை. திரும்பியபோது மகள் முகப்பில் உட்கார்ந்திருந்தாள். அவள் உடம்பு இந்தப் பக்கம், தலை தெருப்பக்கம். நின்றபடி, தூண்களின் ஒடுங்கிய கழுத்துகளுக்கு நடுவே தலையை நுழைத்து, அப்படியே உட்கார்ந்துவிட்டிருக்கிறாள். இரண்டு வயிறுகளுக்கு நடுவே அவள் கழுத்து.

நான் போட்ட சத்தத்தில் மாமாவும் அத்தையும் வெளிப்படியேறி வந்தார்கள். பின்னால் இழுத்தோம். காது மடங்கியது. அவள் வீறிட்டாள். அத்தை தேங்காயெண்ணெய் எடுக்க ஓடினார்கள். மாமா எச்சில் கையோடு ஒருகணம் அந்தத் தூணையே பார்த்துவிட்டு, "அனக்காத, இனி இழுக்காத, நான் இப்பம் வாறேன்" என்று சுத்தியல் எடுக்க இறங்கினார்.

அவர் போன பிறகு எனக்குச் சுத்தியல் பயம் வந்தது. அந்தத் தலைக்குப் பக்கத்திலா அடிப்பார்? அவளை எப்படியாவது தூக்கிவிட வேண்டும் என்ற பதைப்பில் அக்குளில் கைகொடுத்து மேலே தூக்கினேன். தூண்களின் வயிற்றைத் தாண்டி அவற்றின் ஒடுங்கிய கழுத்துவரை உயர்ந்ததும் தலை தானாகவே வெளியே வந்துவிட்டது. அவளை அணைத்துக்கொண்டு அறை வாசலுக்குப் பின்வாங்கினேன். அழக்கூட முடியாமல் விக்கிக்கொண்டிருந்தாள்.

மாமா வந்தார். நாங்கள் நின்றது அவருக்குப் பின்பக்கம். கண்ணாடியைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். "வந்துட்டா மாமா" என்று நான் சொன்னேன். சத்தமாகச் சொன்னேனா, சொன்னதாக நினைத்துக்கொண்டேனா, இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அவர் சுத்தியலை ஓங்கி அடித்தார். அந்தத் தூணின் கழுத்து உடைந்தது. அதோடு நிற்கவில்லை. வயிறும் உதிர்ந்து, உள்ளே கம்பி தெரிந்து, அது வளையும்வரை அடித்தார்.

பிறகு திரும்பினார். "பிள்ளைக்கு ஒண்ணுமில்லல்லா?" என்று மட்டும் கேட்டார். என் வாசலிலிருந்த சேலையை எடுத்துப்போய், கடையில் கம்பிக் கட்டுகளைக் கட்டுவாரே அந்த இறுகின முடிச்சுப் போட்டு, முகப்பு முழுக்கக் கட்டினார். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த அத்தை, "கண்ணேறு களிஞ்சுன்னு இருக்கட்டும்" என்றார்கள். சிநேகிதர் அன்று சாயங்காலம் வந்தபோது சேலை அப்படியே இருந்தது. "இதென்ன அண்ணாச்சி, கொடியா?" என்று அவர் கேலி செய்தார். மாமா, "பிள்ளை நடக்காளல்லா" என்றார். அதற்குப் பிறகு எந்த விருந்தாளிக்காகவும் அவர் அதை அவிழ்க்கவில்லை. அந்தத் தூணைத் திரும்ப வார்க்கவும் இல்லை. போன ஆவணியில் மாமா காலமானார்.

ஆண்டுத் திதி நெருங்குகிறது. "ஊருல இருந்து ஆளு வரும். அவிய ஆசையா செஞ்சது, பல்லுப் போன வாய் மாதிரி கெடக்கு. அச்சு கொல்லையிலதான் இருக்கு, ஒண்ணு வாத்து வச்சிரச் சொல்லு" என்கிறார்கள் அத்தை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஸ்டீல் போடலாம் என்கிறார் கணவர். மகளுக்குப் பிறகு பிறந்த இளையவன் இப்போது எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான். மாடிக் கதவைப் பூட்டியே வைத்திருக்கிறேன். மூன்றில் ஒன்றைச் சீக்கிரம் செய்தாக வேண்டும். முகப்புக்கு உள்ளே கம்பிவலை அடித்துவிட்டு அந்த இடத்தை அப்படியே விடுவதுதான் மூன்றாவது.

மகள் விடுபட்டது தெரியாமல் உடைத்திருந்தால், பார்க்கும்போதெல்லாம் அது அவருக்கு வலித்திருக்கும். திரும்ப வைப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. தெரிந்தே உடைத்திருந்தால், வாயால் என்னிடம் சொல்ல முடியாத ஒன்றை அவர் அங்கே சொல்லிவைத்திருக்கிறார். அதை நான் எப்படிச் சிமெண்ட் பூசி அடைப்பது?

நேற்று சேலையைத் துவைக்க முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். நகம் வலித்ததுதான் மிச்சம். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன், வெட்ட மனமில்லை. கட்டியபடியே தண்ணீர் ஊற்றி அலசிவிட்டேன். இப்படிப் பேசாமலே பழகிய மாமனார் இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது இருந்திருந்தால், தயவுசெய்து எழுதுங்கள். திதிக்கு முன் அத்தைக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் தூணை வைக்கட்டுமா?