பிடிபட்ட கை

கபடியில் புறங்கை எலும்பு முறிந்து, மதுரையில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். இனி ஆடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு நான் ஆடிய முதல் ஆட்டம், ஸ்ரீவில்லிபுத்தூரில் வத்திராயிருப்பு அணியோடு. எங்களுடையது ராஜபாளையம் அணி.

பாடிக்கொண்டே போய் அந்தக் கையை நீட்டினேன். யாரும் பிடிக்கவில்லை. ஒருவனைத் தொட்டுவிட்டுச் சாவகாசமாகத் திரும்பினேன். மறுபடி போனபோதும் அப்படியே விலகினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன்: "ஏலே, ஆட வந்தியளா, வேடிக்கை பாக்க வந்தியளா?"

அவர்களில் ஓரத்தில் நின்றவன் தயங்கினான். "கைக்குள்ள கம்பி இருக்காம்லா அண்ணாச்சி, எப்பிடிப் பிடிக்க?"

"டாக்டரே விட்டுட்டாரு, ஒனக்கென்னலே?"

அடுத்த முறை அவன் அதே கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்கினார்கள். பாட்டு நின்றது. அவுட்.

"சும்மா கெடச்ச பாயிண்ட இப்பிடிக் கெடுத்துட்டியேலே!" என்று எங்கள் கேப்டன் திட்டினான்.

நான் வெளியே போய் உட்கார்ந்தேன். மணிக்கட்டில் அவன் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. ஆட்டம் முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.