குழலில் ஒரு முடிச்சு

மகன் வயலிலிருந்து ஒரு தூக்கணாங்குருவிக் கூட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். அதன் நீண்ட குழலைத் தடவிய என் விரல்கள் தாமாகவே ஒரு முடிச்சைத் தேடின.

எனக்கு அப்போது எட்டு வயது. கன்னிப்பூப் பருவத்து நெல் பால் பிடித்திருந்தது. வரப்புப் பனைகளில் கூடுகள் குலைகுலையாகத் தொங்கின. கதிரைத் தின்னும் குருவிகளைக் குஞ்சோடு அழிக்காவிட்டால் பனைகளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக வயல்காரரின் காரியஸ்தர் என் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா பனையேறி. எங்களுக்கு வேறு பிழைப்பில்லை.

பெட்டைக்குப் பிடிக்காமல் ஆண்குருவி பாதியில் விட்ட கூடுகளை மட்டும் அப்பா அறுத்துப் போட்டார். அவற்றுக்குக் குழல் இராது. பெட்டி முடையும் அம்மா, ஓலையை நார்நாராகக் கிழித்து முழுக்கூடாகத் தெரியும்படி ஒவ்வொன்றுக்கும் குழல் பின்னி முடிச்சிட்டாள்.

மறுநாள் காரியஸ்தர் ஒரு கூட்டை எடுத்துக் குழலை இழுத்துப் பார்த்தார். அவருடைய பெருவிரல் முடிச்சில் நின்றது. என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, இது குருவி கெட்டினதா?"

"ஆமா ஐயா," என்றேன்.

பனை உச்சியில் குருவிகள் கத்திக்கொண்டே இருந்தன. அவர் அண்ணாந்து பார்த்தார்.

"வேற ஆரும் பாக்கதுக்கு முன்ன கீழ கெடக்க இந்தக் கூடு எல்லாத்தையும் எரிச்சுப்போடு," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

பின்னாளில் பனைகளை ஒவ்வொன்றாக வெட்டினார்கள். வருஷாவருஷம் கூடுகள் குறைந்தன.

என் மடியில் இருக்கும் இந்தக் கூட்டின் குழலில் அம்மாவின் முடிச்சு இல்லை.

"ஏலே, வேற கூடு உண்டா?"

"இல்லம்மா. நம்ம வயலுகள்லயே இது ஒண்ணுதான் தொங்கிச்சு."

கூட்டை மெல்லப் பிரித்தேன். முட்டைகள் இன்னும் சூடாக இருந்தன.