பாடகியின் பெயரில் வந்த ஈமெயில்

ஈமெயிலில் யார் பெயர் இருக்கிறதோ அவரேதான் அதை எழுதியிருப்பார் என்று நம்பியவன் நான். தொண்ணூறுகளின் கடைசியில் மயிலாப்பூரில் ஒரு சின்ன சபாவுக்குச் செயலாளராக இருந்தேன். மார்கழிக் கச்சேரிக்கு இரண்டு நாள் இருக்கையில், தி.நகர் பிரவுசிங் சென்டரில் சபாவின் அஞ்சல்களைத் திறந்தேன். ஊரே கொண்டாடும் பாடகியின் பெயரில் ஒன்று வந்திருந்தது: "தொண்டை சரியில்லை. எனக்குப் பதில் என் பின்பாட்டுக்காரி பாடுவாள்."

டிக்கெட் எல்லாம் அவர் பெயருக்காகவே விற்றவை. "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் தட்டிவிட்டு, மறுபதிலுக்காக ஒரு மணி நேரம் திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். பாடகியின் வீடு சபாவுக்கு அடுத்த தெருதான். அந்த வாசலைத் தாண்டித்தான் திரும்பினேன். கதவைத் தட்டலாமே என்று இந்த மண்டைக்குத் தோன்றவில்லை. நேரே போய் சபா போர்டில் பெயரை மாற்றும்படி பெயிண்டரிடம் சொன்னேன்.

மறுநாள் காலை பாடகியே சபாவுக்குள் வந்து நின்றார்.

"ஏன் மாமா, போர்டுல என் பேரை அழிச்சேள்?"

"நீங்கதானே ஈமெயில் அனுப்பினேள்? தொண்டை சரியில்லேன்னு?"

"எங்காத்துல கம்ப்யூட்டரே கிடையாது. தொண்டை உங்களைத் திட்டற அளவுக்கு நன்னாவே இருக்கு!"

பெயிண்டரைத் தேடி ஓடினேன். பாடகியின் பெயரில் ஈமெயில் கணக்குத் திறந்து அஞ்சலை அனுப்பியது அந்தப் பின்பாட்டுக்காரிதான், கேட்டதும் ஒப்புக்கொண்டார். கச்சேரியில் பாடகியே பாடினார்.