ஞாயிற்றுக்கிழமை மழை

அந்தக் கட்டுரை தபாலில் வந்தபோது எனக்கு அதில் ஒரு வரிகூடப் புரியவில்லை. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள் நான். தேயிலைத் தோட்ட ஆபீசில் எடுபிடி வேலை. அதோடு தினமும் காலை ஏழு மணிக்கு மழைமானியைப் பார்த்து, அதுவரை ஒரு நாளில் பெய்த மழையை அன்றைய தேதியில் மழைப் புத்தகத்தில் எழுத வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த தமிழ்ப் பெண் ஒருத்தி அந்தப் புத்தகங்களையெல்லாம் படம் எடுத்துப் போயிருந்தாள். அதை வைத்து எழுதிய அவளுடைய முதல் கட்டுரை இது.

எழுத்து புரியாததால் படங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு நாள் மழைக்கும் ஒரு கோடு, குச்சி நட்டதுபோல. பார்க்கப் பார்க்க ஒன்று கண்ணில் பட்டது. வாரத்துக்கு ஒருமுறை இரண்டு குச்சிகள் பக்கத்தில் பக்கத்தில் ஒரே உயரமாக நின்றன. எந்த வாரமும் தப்பவில்லை.

அது ஏன் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டு. திங்கள் காலையில் மானியில் இரண்டு நாள் மழை சேர்ந்து கிடக்கும். அதை இரண்டாகப் பிரித்து, பாதியை ஞாயிறுக்கும் பாதியைத் திங்களுக்கும் எழுதுவேன். எனக்கு முன்பு மழைப் புத்தகம் எழுதிய ஆபீஸ் கிராணி அப்படித்தான் எழுதினார், என்னையும் அப்படியே எழுதச் சொன்னார்.

லோரி ஓட்டும் என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுச் சிரித்தார். "மழைய என்னமோ நீ பெய்ய வச்ச மாதிரி பயப்படற. பேசாம இரு லா."

என்னால் இருக்க முடியவில்லை. அந்தப் பெண்ணுக்குப் போன் அடித்துச் சொன்னேன்.

"ஏன்க்கா பாதியா பிரிச்சீங்க?"

"ஒரு நாள காலியா விட்டா தொர கேப்பாரும்மா. மொத்தத்தையும் ஒரே நாள்ல எழுதுனா பொய் மாதிரி இருக்கும்ல?"

 அவள் விளக்கினாள். இந்த மலையில் ஒரே நாளில் கொட்டுகிற பெருமழை குறைவு, இரண்டு மூன்று நாள் நின்று பெய்வதுதான் அதிகம் என்று எழுதியிருக்கிறாளாம். ஒரே நாளில் கொட்டியதை நான் இரண்டு நாளாக்கியிருந்தால் அந்த முடிவே தப்பாம். இதை நம்பித்தான் அவளுடைய பட்டமும் நிற்கிறதாம்.

"யாருக்கும் தெரியாதே. அப்படியே விட்டுட்டா என்னம்மா?" என்று நானே கேட்டேன். கேட்டதும் வெட்கமாக இருந்தது.

"கீழ பள்ளத்தாக்குல, லெம்பா பெர்த்தாம்ல, எவ்ளோ மழைக்கு மண்ணு சரியும்னு யாராச்சும் இத வச்சுக் கணக்குப் போட்டா என்னக்கா பண்றது?"

அச்சில் வந்ததை எப்படித் திருத்துவார்கள் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். முதலில் அவளுடைய பேராசிரியரிடம் சொன்னாள். இருவரும் ஆய்விதழுக்கு எழுதினார்கள். இது தவறா, வேண்டுமென்றே செய்த மோசடியா என்று அங்கே கேட்டார்களாம்.  எப்படி எழுதினேன், எத்தனை வருஷமாக, யார் சொல்லி என்று என் கையால் தமிழில் எழுதித் தரச் சொன்னாள். நாலு தாள் கிழித்து, ஐந்தாவதை அனுப்பினேன்.

"மாச மொத்தம் மாறாதுக்கா. பாதியும் பாதியும் சேந்தா முழுசுதானே. அது தப்பிச்சுது" என்றாள்.

எனக்குச் சந்தேகம் வந்தது. "இரும்மா. ஞாயித்துக்கிழம மாசக் கடைசியா வந்து, திங்க ஒண்ணாந்தேதியா இருந்தா?"

"ஐயோ! இத மொதல்லயே சொல்லக்கூடாதாக்கா?" என்று சிரித்தாள். அழுகிறாளோ என்றும் பயந்தேன்.

சில மாதம் கழித்துத் திருத்தம் வந்தது. பெருமழை பற்றிய முடிவைத் திரும்பப் பெற்றிருந்தாள். ஞாயிறில் முடிந்த மாதங்களையும் திங்களில் தொடங்கிய மாதங்களையும் விட்டுவிட்டு மாதக் கணக்கைப் புதிதாகப் போட்டிருந்தாள். பழைய கட்டுரையை அழித்திருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை, அப்படியே இருந்தது. தலையில் மட்டும் திருத்தத்துக்கு வழிகாட்டி ஒரு குறிப்பு. ஏன் அழிக்கவில்லை என்று கேட்டேன். "அதப் படிச்சுட்டு எழுதுனவங்க, எத நம்பி எழுதுனோம்னு தேடி வருவாங்கள்ல" என்றாள்.

அவள் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போயிருக்கிறது. அந்த அத்தியாயத்தை மறுபடி எழுதுகிறாள். பழைய முடிவை எடுத்தாண்ட இரண்டு பேருக்கும் அவளே கடிதம் போட்டிருக்கிறாள். ஒருவர் நன்றி சொல்லிப் பதில் போட்டார். இன்னொருவரிடமிருந்து பதிலே இல்லை. படித்தாரா, இல்லையா? பதில் வந்ததா என்று வாரம் ஒருமுறை போன் செய்து கேட்கிறேன்.